விலக்கிய மலரை ஏற்ற தலம்

சிவபூசைக்கு உகந்தவை எவை என்று கேட்டால், கோயிலுக்குச் செல்லும் வழக்கமுள்ள வீட்டுக் குழந்தைகூட வில்வம், கொன்றை, தும்பை, எருக்கு, ஊமத்தை என்று அடுக்கிச் சொல்லிவிடும். ஆகாதது எது என்று கேட்டாலும் விடை தயங்காமல் வரும்: தாழம்பூ. அம்பிகைக்கு அது ஆகும். பெண்குழந்தைகளின் பின்னலுக்கு ஆகும். குங்குமத்துக்கு மணமூட்ட ஆகும். ஈசனின் திருமுடிக்கு மட்டும் ஆகாது.

காரணம் நாம் அனைவரும் அறிந்த கதைதான். தம்முள் யார் பெரியவர் என்று திருமாலும் பிரமனும் வாதிட்டபோது, அளவிட முடியாத சோதிப் பிழம்பாக ஈசன் நின்றார். திருமால் வராகமாகி அடியைத் தேடினார். காண இயலவில்லை என்று வணங்கி நின்றார். பிரமன் அன்னமாகி முடியைத் தேடிப் பறந்தார். வழியில், மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்த தாழை மடல் ஒன்றைக் கண்டு, தாம் முடியைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லும்படி அதனை இசைவித்தார். பொய்ச்சாட்சி உரைத்த தாழை, இனிச் சிவபூசைக்கு ஆகாது என்ற சாபத்தைப் பெற்றது. கருவறையின் பின்புற மாடத்தில் லிங்கோத்பவரைக் காணும்போதெல்லாம், மேலே அன்னமும் கீழே வராகமும் இருக்க, இந்தக் கதை நம் நினைவுக்கு வருகிறது.

இக்கதையில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தத் தாழை எங்கிருந்து இறங்கி வந்தது? ஈசனின் திருமுடியிலிருந்து. சாபம் பெறுவதற்கு முன்பு அது இருந்த இடமே அதுதான்.

எங்கள் இராமநாதபுரம் சீமையில் பிறந்தவர்களுக்கு இந்த யோசனை இயல்பாக வரும். இராமநாதபுரத்திலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில் உள்ள திருவுத்தரகோசமங்கையில், மங்களநாதப் பெருமானுக்குத் தாழம்பூவைச் சாத்துகிறார்கள். பொய்யுரைத்த பிரமனும் தாழையும் இத்தலத்துக்கு வந்து வழிபட்டுச் சாபம் நீங்கப்பெற்றனர் என்பது தல ஐதிகம். மார்கழித் திருவாதிரையை ஒட்டி, சந்தனக் காப்பு களைந்த மரகத நடராசரைத் தரிசிக்க வெளியூர்களிலிருந்து திரளாக வருகிறார்கள். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் மீண்டும் மீண்டும் நினைந்துருகிய தலம் என்பதும் பலருக்குத் தெரியும். உள்ளூர்க்காரர்களாகிய நாங்கள் இவற்றோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துச் சொல்வோம்: “எங்கள் சாமிக்குத் தாழம்பூ உண்டு.”

இந்தப் பூவைப் பற்றி எழுத எனக்கு நெடுநாள் ஆசை. என் தம்பியின் பேத்தி மதுரையில் தாவரவியல் படிக்கிறாள். அவளோடு பேசப் பேச, நான் பிறந்தது முதல் பார்த்துவந்த ஒரு செடி எனக்குப் புதிதாகத் தெரியத் தொடங்கியது.

தாழையைப் பூவாக மட்டும் கண்டவர்கள் அதன் புதரைப் பார்த்தால் வியப்பார்கள். வாள் போன்ற நீண்ட இலைகள். இரு ஓரங்களிலும் முள், அடிப்புற நடுநரம்பிலும் முள். இலைகள் தண்டைச் சுற்றித் திருகுபோல ஏறிச் செல்லும். தண்டின் நடுவிலிருந்தே தடித்த விழுதுகள் இறங்கி மணலில் ஊன்றிக்கொள்ளும். கடலோரத்து உப்புக் காற்றும் வெறும் மணலும் அதற்குப் போதும். மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் அது உண்டு. எங்கள் ஊர்ப்பக்கத்து ஊருணிக் கரைகளிலும் ஓடை ஓரங்களிலும் உண்டு. பாம்பு அடையும் என்று சொல்லிச் சிறுவர்களை அப்பக்கம் விடமாட்டார்கள்.

மழை விழுந்த பிறகு ஒருநாள், புதரைப் பார்க்குமுன்பே மணம் வந்துவிடும். அந்த வெளிர் மஞ்சள் மடல்களைத்தான் நாம் பூ என்கிறோம். உண்மையில் அவை இதழ்கள் அல்ல. பூங்கொத்தைப் போர்த்தியிருக்கும் இலைகளே நிறமும் மணமும் மாறி நிற்கின்றன. உள்ளே உள்ள பூவுக்கு இதழே கிடையாது. மடலைப் பிரித்தால் கையில் ஒட்டும் மாவு போன்ற பொடிதான் மகரந்தம்.

இச்செடியை எந்த வகையில் சேர்ப்பது என்ற கேள்வி நம் முன்னோருக்கும் இருந்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் பிரிக்கிறது. அந்த அளவுகோலை வைத்தால், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து விழுதூன்றி நின்றாலும், தாழை பனையோடும் தெங்கோடும் புல்லின் பக்கமே சேரும். இன்றைய தாவரவியலும் இம்மூன்றையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்கிறது.

பெயரிலும் சிக்கல் உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் வரிசை வருகிறது. அதில் தாழை என்றும் ஒரு பெயர் உண்டு. கைதை என்றும் ஒரு பெயர் உண்டு. இரண்டும் ஒன்றானால் ஒரே மலரைப் புலவர் இருமுறை எண்ணினார் என்றாகிவிடும். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அங்கே தாழையைத் தெங்கின் பாளை என்றும், கைதையைத் தாழம்பூ என்றும் பிரித்துப் பொருள் கொண்டார். அந்தக் கைதை என்னும் சொல் மலையாளத்தில் இன்றும் கைத என வழங்குகிறது. டச்சு ஆளுநர் வான் ரீட் மலபாரின் தாவரங்களைத் தொகுத்து ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெருநூலின் 1679ஆம் ஆண்டுத் தொகுதியில், இச்செடி அந்தப் பெயரிலேயே படத்துடன் இடம்பெற்றது.

நம் பேச்சுவழக்கோ இலையின் சாயலைப் பார்த்து இன்னும் தாராளமாக உறவு கொண்டாடியது. கற்றாழையிலும் ஒரு தாழை இருக்கிறது. கடல் கடந்து வந்த அன்னாசியையும் அன்னாசித்தாழை என்றார்கள். தாவரவியல் இவற்றைத் தனித்தனிக் குடும்பங்களில் வைக்கிறது.

இப்போது உலகம் முழுதும் வழங்கும் பேரினப் பெயர் பாண்டனஸ் என்பது. மலாய் மொழியின் பாண்டான் என்ற சொல்லிலிருந்து வந்தது. கேப்டன் குக்கின் கப்பலில் ஓவியராகச் சென்ற சிட்னி பார்க்கின்சன், தாகித்தித் தீவில் கண்ட தாழையை இப்பெயரில் குறித்தார். கூரை வேய உதவுவது என்ற பொருளில் அதற்கு அடைமொழியும் தந்தார். அவர் 1771இல் நடுக்கடலில் நோயால் இறந்துபோக, குறிப்புகள் 1773இல் நூலாயின. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஏமன் நாட்டில் பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற இளைஞர் நம்முடைய இதே மணத்தாழையைக் கண்டு வேறொரு பேரினப் பெயரிட்டிருந்தார். அவரும் 1763இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அவர் நூல் 1775இல் வந்தது. அவர் தந்த மணமுடையது என்னும் அடைமொழியை 1891இல் பாண்டனஸோடு சேர்த்து, பாண்டனஸ் ஓடோரிஃபர் என்று ஆக்கினார்கள்.

இப்பேரினத்தில் பல நூறு இனங்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை அவை பரவியுள்ளன. இலங்கைத் தமிழர் சமையலில் சேரும் ரம்பை இலையும் இதில் ஓர் இனமே. எத்தனை இனங்கள் என்பதில் மட்டும் அறிஞர்கள் உடன்படவே இல்லை. ஹவாய்த் தீவில் இருந்த ஹெரால்டு செயின்ட் ஜான், காயின் சிறு வேறுபாடுகளையும் கணக்கில் கொண்டு நூற்றுக்கணக்கான புதிய இனங்களை அறிவித்தார். பெஞ்சமின் ஸ்டோன் என்ற மற்றோர் அறிஞர் அவற்றில் பலவற்றை ஒன்றே என்று சேர்த்தார். 2012இல் பாண்டனஸின் ஒரு பகுதியைப் பிரித்துத் தனிப் பேரினமாக்கி, ஸ்டோனின் நினைவாக பென்ஸ்டோனியா என்று பெயரிட்டார்கள். வகுத்தவற்றை மறுபடி திறந்து பார்ப்பதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இத்தனை குழப்பத்துக்கும் ஒரு காரணம் உண்டு என்றாள் பேத்தி. தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒன்றின் மாதிரியை மட்டும் பார்த்தவர்க்கு மற்றொன்று தெரியாது. நாம் சூடும் மணமுள்ள மடல் ஆண் மரத்துடையது. பெண் மரத்தின் பூவில் அந்த மணம் இல்லை. இலைகளுக்கிடையே இருப்பதே தெரியாது. ஆனால் அன்னாசி போன்று தொங்கி, முற்றிச் செம்மஞ்சளாகும் காயைத் தருவது அதுதான். காய் உதிர்ந்து பல துண்டுகளாகும். நார் நிறைந்த அத்துண்டுகள் கடலில் மிதந்து சென்று வேறொரு கரையில் முளைக்கும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் அத்தருக்காகத் தாழை வளர்ப்பவர்கள் ஆண் மரத்தையே கிளை நட்டுப் பெருக்குகிறார்கள்.

அவள் இதைச் சொன்னபோது எனக்கு என் அத்தையின் நினைவு வந்தது.

எங்கள் ஊருணிக் கரையில் இரண்டு தாழைப் புதர்கள் இருந்தன. ஒன்று பூக்கும், மற்றொன்று பூக்காது. பூக்காததை மலட்டுத் தாழை என்பார்கள். ஒருமுறை கரையைச் செம்மை செய்ய வந்தவர் அதைத்தான் முதலில் வெட்ட அரிவாளை எடுத்தார். அத்தை குறுக்கே போய் நின்றார்.

“அதை ஏம்ப்பா வெட்டுற?”

“இது பூக்காது ஆத்தா. சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு நிக்கிது.”

“பூக்கலேன்னா என்ன? காய்க்கிதுல்ல? அந்தா தொங்குது பாரு. அது வேருதானே கரையப் புடிச்சு வச்சிருக்கு.”

அவர் வெட்டவில்லை. அத்தைக்குத் தாவரவியல் தெரியாது, பார்த்ததைச் சொன்னார். ஆனால் மலடு என்ற சொல்லின் எடை அவருக்குத் தெரியும். அவருக்குப் பிள்ளை இல்லை.

அத்தை என் தந்தைக்கு மூத்தவர். அவர் கணவரான என் மாமா தனுஷ்கோடியில் வேலை பார்த்தார். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயலும் கடலும் அழித்தன. பயணிகளோடு வந்த ரயிலே அலையில் போயிற்று. மாமாவும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அத்தை காத்திருந்தார். பொட்டு வைத்துக்கொள்வதா கூடாதா, விசேஷ வீட்டுக்கு அழைப்பதா கூடாதா என்று உறவில் பேச்சு நடந்தபடியே இருந்தது. எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாத ஒரு பெண் வீட்டில் இருப்பது எல்லோருக்கும் சங்கடமாயிருந்தது. ஓராண்டு கழிந்ததும் பெரியவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதன்பின் அத்தை கல்யாண வீடுகளில் அடுப்படியைத் தாண்டி வருவதில்லை. எதிரே யாரேனும் நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் கதவின் பின்னே ஒதுங்கிக்கொள்வார்.

அடுத்த மழைக்காலத்தில் ஊருணித் தாழை பூத்தது. என் தந்தை விடியலில் சென்று, முள் கிழித்த கையோடு இரண்டு மடல்களைக் கொண்டுவந்தார். ஒன்றை எனக்குப் பின்னலில் வைத்துத் தைக்கச் சொன்னார். மற்றொன்றைப் பனையோலைக் கொட்டானில் வைத்து அத்தையிடம் நீட்டினார்.

“கிளம்புக்கா. மங்கைக்குப் போய்ட்டு வருவோம்.”

“நான் எதுக்குடா? நீ புள்ளைய கூட்டிட்டுப் போய்ட்டு வா.”

“இந்தப் பூவ அங்க நீதான் குடுக்கணும்.”

மூவரும் சென்றோம். அப்போது எனக்கு ஒன்பது வயது. வெளித்திருச்சுற்றில் பழமையான இலந்தை மரத்தடியில் சிறிது நேரம் அமர்ந்தோம். பிறகு மங்களநாதர் சன்னிதி. குருக்கள் அத்தையின் வெறும் நெற்றியைப் பார்த்தார், கொட்டானையும் பார்த்தார். “கொடுங்கோம்மா” என்று இரு கைகளாலும் வாங்கி உள்ளே சென்றார். தீபாராதனை ஒளியில், இலிங்கத் திருமேனியின் மேல் அந்த மடல் இருந்ததை நான் கண்டேன். அத்தை கண்ணை மூடவில்லை, பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மங்களேசுவரி சன்னிதியில் குங்குமத் தட்டு வந்தது. அத்தை கையை நீட்டாமல் பின்வாங்கினார். என் தந்தை தணிந்த குரலில், “ஆத்தா குடுக்கிறா. வாங்கிக்கக்கா” என்றார். அத்தை வாங்கினார், நெற்றியில் இடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து அதை ஒரு சிறிய தகரச் சிமிழில் இட்டு, பூசை மாடத்தில் வைத்தார்.

பதினொரு ஆண்டுகளுக்குப் பின் என் திருமணம். மணவறைக்கு அழைக்குமுன் என் தந்தை அத்தையை அடுப்படியிலிருந்து அழைத்து வந்தார். அவர் கையில் அந்தச் சிமிழ் இருந்தது. கூடத்தில் ஒரு நொடி பேச்சு அடங்கியது. பெரியவர் ஒருவர், “இது வழக்கமில்லையே” என்றார். என் தந்தை, “அம்பா சன்னிதிக் குங்குமம் மாமா” என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை. அத்தை என் நெற்றியில் குங்குமம் இட்டார். அவர் விரல் நடுங்கியது. இன்று என் பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அந்தக் குங்குமத்தால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை.

வழக்கங்களை நான் பழிக்கவில்லை. பிற சிவாலயங்களில் தாழம்பூ கூடாது என்றால், நான் அதைக் கொண்டு செல்வதில்லை; இராமேசுவரத்தில் இராமநாதசுவாமி சன்னிதிக்கு வில்வமே கொண்டு செல்கிறேன். பொய்ச்சாட்சி பெரும்பிழை என்பதைக் குழந்தைகள் மனத்தில் பதிக்க அந்த விலக்கு வேண்டியதே. ஆனால் அந்தக் கதை விலக்கோடு முடியவில்லை என்பதையும் நாம் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். சிவராத்திரியில் லிங்கோத்பவருக்குத் தாழம்பூ சாத்தும் கோயில்களும் உண்டு. எங்கள் மங்கையிலோ அதற்கு நாள் கணக்கே இல்லை. குற்றம் செய்த பூவுக்கே ஈசன் இத்தனை வழி வைத்திருக்கும்போது, ஒரு குற்றமும் செய்யாமல் கடல் கொண்டுபோன கணவனுக்காக ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு நாம் எத்தனை வழி வைக்க வேண்டும்? இன்று காலம் பெரிதும் மாறிவிட்டது. ஆயினும் வளைகாப்பிலும் மஞ்சள் நீராட்டிலும், யாரும் சொல்லாமலே தூணோரம் ஒதுங்கி நிற்கும் ஒருவரை நான் இன்றும் காண்கிறேன். பார்த்தால் நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவேன். அவ்வளவுதான் என்னால் ஆவது.

தாழைக்காகவும் ஒரு விண்ணப்பம் உண்டு. எங்கள் சீமையின் கண்மாய்களையும் ஊருணிகளையும் சீமைக்கருவேல் சூழ்ந்துகொண்டது. கடற்கரையில் கட்டடங்கள் எழுகின்றன. பாம்புக்குப் பயந்தும் முள்ளுக்குப் பயந்தும் தாழைப் புதர்களை முதலில் அழிக்கிறார்கள். அலையும் காற்றும் அள்ளிச் செல்லும் மணலைத் தன் விழுதுகளால் பிடித்து வைப்பது அது. கைம்மாறாக நாம் செய்ய வேண்டியது அதை இருக்க விடுவதுதான். பூக்காத புதர் என்று தோன்றினால் வெட்டுமுன் சற்று விலக்கிப் பாருங்கள், காய் இருக்கும். இரண்டும் நின்றால்தான் அடுத்த தலைமுறைக்கு விதை.

உத்தரகோசமங்கைக்கு வரும் அன்பர்கள், கிடைத்தால் ஒரு தாழை மடலைக் கொண்டு வாருங்கள். ஓர முட்களை நீக்கி, வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்தால் கையையும் கிழிக்காது, மணமும் போகாது. வரும்போது, உங்கள் வீட்டில் கோயிலுக்கு வரத் தயங்கி உட்கார்ந்திருப்பவர் யாரேனும் இருந்தால், அவரையும் உடன் அழைத்து வாருங்கள். பூவை அவர் கையால் கொடுக்கட்டும். மங்களநாதர் ஏற்பார், மங்களேசுவரி அருள்வாள்.